டி செல் எதைப் பார்த்து அடுத்தவர் உறுப்பின் மேல் பாய்கிறது?

நிலவன்07:

நோயெதிர்ப்புப் பாடத்தில் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

ஒரு வைரஸின் குறிப்பிட்ட துண்டை அடையாளம் காணும் டி செல்லை (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை), அந்தத் தொற்று வந்திராத ஆளிடம் தேடினால் லட்சத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று என்றுதான் கிடைக்கிறது. சரி, பரவாயில்லை. ஆனால் அதே ஆளின் டி செல்களுக்கு முன்னால் இன்னொரு மனிதரின் செல்களைக் கொண்டுபோய் வைத்தால் நூற்றில் 1 முதல் 10 வரை பாய்கின்றனவாம். முன்பின் சந்திக்காத இரண்டு பேரின் வெள்ளணுக்களை ஒரே குடுவையில் கலந்து வைத்தாலே போதும், ஐந்தாறு நாளில் டி செல்கள் பெருகத் தொடங்கிவிடும் என்பது 1960களிலிருந்தே தெரிந்த சோதனை.

வைரஸோடு நம் முன்னோர்கள் காலங்காலமாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அடுத்தவர் சிறுநீரகத்தோடு யார் மல்லுக்கட்டினார்கள்? இயற்கையில் நடக்காத ஒன்றுக்கு இவ்வளவு பெரிய படை எதற்கு?

அதோடு, டி செல் தன் சொந்த எம்எச்சி (செல்லின் மேல்பரப்பில் நிற்கும், ஆளுக்கு ஆள் மாறும் புரதம்) தாங்கிப் பிடிக்கும் பெப்டைடை, அதாவது சிறு புரதத்துண்டை, மட்டும்தான் பார்க்கும் என்பது முந்தைய அத்தியாயம். அப்படியானால் அடுத்தவர் எம்எச்சியை அது கண்டுகொள்ளவே கூடாதே? இரண்டு அத்தியாயமும் ஒன்றையொன்று மறுப்பது போலத் தெரிகிறது.

செல்நேசன்:

நல்ல கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், டி செல்கள் வளர்ந்து தேறும் உறுப்பான தைமஸில் இருக்கிறது. அதற்கு முன்னால் அடிப்படையைக் கொஞ்சம் சரிபார்த்துக்கொள்வோம்.

1974இல் கான்பெராவில் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் எலிகளில் ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். தொற்று கண்ட எலியின் கொலையாளி டி செல்கள், அதே வைரஸ் புகுந்த செல்லைக்கூடத் தன் இன எம்எச்சி இருந்தால்தான் கொன்றன. வேறு இன எலியின் செல் என்றால், உள்ளே வைரஸ் இருந்தும் விட்டுவிட்டன. நீங்கள் சொல்லும் முந்தைய அத்தியாயம் இதுதான். இருவருக்கும் 1996இல் நோபல் கிடைத்தது. 1987இல் பமேலா பியோர்க்மன் குழுவினர் எச்எல்ஏ-ஏ2 மூலக்கூறின் (மனிதரின் எம்எச்சிக்கு எச்எல்ஏ என்று பெயர்) படிக வடிவத்தை வெளியிட்டபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. மேலே இரண்டு சுருள்கள், நடுவில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் எம்எச்சிக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒன்று கிடக்கிறது. அதுதான் பெப்டைடு. முதல் வகை எம்எச்சி என்றால் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளம். இரண்டாம் வகையில் இன்னும் நீளம். டி செல்லின் ரிசப்டர் (இலக்கைத் தொட்டு உணரும் அதன் புரதம்) மேலிருந்து வந்து சுருளையும் பெப்டைடையும் சேர்த்தே தொடுகிறது.

இப்போது தைமஸ். அங்கே வளரும் டி செல்களின் ரிசப்டர்கள் மரபணுத் துண்டுகளைக் கலைத்துப் போட்டு உருவானவை, எது எதோடு ஒட்டும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. உடம்பின் சொந்த எம்எச்சியோடு துளிகூட ஒட்டாதவை உயிர்ச் சமிக்ஞை கிடைக்காமல் மடிகின்றன. இறுக்கமாக ஒட்டுபவை ஆபத்தானவை என்று அழிக்கப்படுகின்றன. லேசாக ஒட்டுபவை மட்டும் வெளியே வருகின்றன. ஆக, வெளியே வரும் ஒவ்வொரு டி செல்லும் எம்எச்சி வடிவத்தோடு கொஞ்சமாவது ஒத்துப்போகிற செல்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இறுக்கமாக ஒட்டுபவற்றைக் களையெடுத்த அந்த வேலை யாருடைய எம்எச்சியை வைத்து நடந்தது? உங்களுடையதை வைத்து மட்டும். என் எம்எச்சி உங்கள் தைமஸில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் என்னுடையதும் அதே எலும்புக்கூடு, அதே இரண்டு சுருள், அதே பள்ளம். சில இடங்களில் அமினோ அமிலம் மட்டும் வேறு. எம்எச்சி வடிவத்தோடு ஒத்துப்போகும் கூட்டத்தில் என்னுடையதோடு இறுக்கமாக ஒட்டுபவை கணிசமாக இருக்கத்தானே செய்யும்? அவற்றை அகற்ற யாருக்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. நூற்றில் 1 முதல் 10 என்ற எண்ணிக்கை அங்கிருந்துதான் வருகிறது. அதைப் படை என்று நினைக்காதீர்கள், களையெடுக்காமல் விட்ட மிச்சம் என்று நினையுங்கள்.

டி செல்லுக்கு 'அந்நியம்' என்று ஒன்று தெரியவே தெரியாது என்பது என் கருத்து. என் ரிசப்டரில் இது போதுமான நேரம் ஒட்டி நிற்கிறதா என்பதோடு அதன் அறிவு முடிந்துவிடுகிறது.

குறுக்குக்கேள்வி:

கடைசி வரியில் உடன்பாடு இல்லை, ஆனால் அதைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒன்று சொல்லுங்கள். அடுத்தவர் எம்எச்சியைப் பார்க்கும் டி செல், அதன் பள்ளத்தில் கிடக்கும் பெப்டைடையும் பார்க்கிறதா, இல்லை எம்எச்சியை மட்டுமா? எம்எச்சி மட்டும் போதும் என்பது என் கட்சி. வைரஸ் பெப்டைடு ஒரு செல்லின் மேல் பத்து, நூறு என்ற கணக்கில்தான் இருக்கும். அந்நிய எம்எச்சியே இலக்கு என்றால் செல்லின் மேல் இருக்கும் அத்தனை பிரதியும், லட்சம் அளவில், இலக்காகிவிடும். பலவீனமான ரிசப்டர்கூட அந்த அடர்த்தியில் விழித்துக்கொள்ளும். இத்தனை செல்கள் பாய்வதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

செல்நேசன்:

அந்தக் கட்சிக்கு ஆதரவு இல்லாமல் இல்லை. பெப்டைடு எதுவானாலும் கவலைப்படாத டி செல் குளோன்களும் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டங்கள்) கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. எதிர்க்கட்சியின் வாதமும் எண்ணிக்கையைத்தான் பிடித்துக்கொள்கிறது: அந்நிய எம்எச்சி ஒன்றில் ஆயிரக்கணக்கான வெவ்வேறு பெப்டைடு உட்காரும், ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு புது இலக்கு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு டி செல், அதனால்தான் மொத்தத்தில் இத்தனை. இப்படிப் பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் முடிவுக்கு வராது. ஒரே ஒரு டி செல்லை எடுத்து நெருங்கிப் பார்ப்போம்.

அதன் பெயர் எல்சி13. எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிரான டி செல். அந்த வைரஸின் 9 அமினோ அமிலத் துண்டு ஒன்று எச்எல்ஏ-பி8இல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கொல்லும். பி8 உள்ளவர்களில் பல பேரிடம் அச்சு அசலாக இதே ரிசப்டர் கிடைக்கிறது. இதுவரை எல்லாம் சாதாரணம். வேடிக்கை என்னவென்றால், வைரஸே இல்லாத, ஆனால் எச்எல்ஏ-பி44:02 உள்ள செல்லையும் எல்சி13 கொல்கிறது. அந்த ஆள் பி44:02ஐ வாழ்க்கையில் சந்தித்ததே இல்லை.

பி44:03 என்று இதற்கு ஒரு சகோதரன் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் 156ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம். பி44:03 உள்ள செல்லை எல்சி13 தொடுவதே இல்லை, விட்டுவிடுகிறது! அந்த 156ஆம் இடம் பள்ளத்தின் உள்பக்கம் இருக்கிறது. உள்ளே ஒரு மாற்றம் வந்தால் பள்ளத்தில் எது எப்படி உட்காரும் என்பது மாறுகிறது. எம்எச்சியின் மேல்பரப்பு மட்டும்தான் முக்கியம் என்றால் எல்சி13க்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

2009இல் இதன் படிக வடிவமும் வந்தது. பி44:05 என்ற இன்னொரு நெருங்கிய உறவினனில், நம் எல்லோருடைய செல்லிலும் இருக்கும் ஒரு சாதாரணப் புரதத்தின் துண்டு உட்கார்ந்திருக்கிறது. எல்சி13 அதன் மேல், வைரஸ் துண்டோடு கூடிய பி8 மேல் எப்படி அமருமோ கிட்டத்தட்ட அதே மாதிரி அமர்ந்திருக்கிறது. பெப்டைடும் வேறு, எம்எச்சியும் வேறு, ஆனால் இரண்டும் சேர்ந்து காட்டும் முகம் ஒன்று. இந்தச் செல்லின் விஷயத்தில் குறுக்குக்கேள்வியின் கட்சி தோற்றது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். பி8, பி44 இரண்டையும் பிறவியிலேயே சுமக்கும் ஆட்கள் உண்டு. அவர்களுக்கும் இதே வைரஸ் வருகிறது, அவர்களும் அதே துண்டுக்கு எதிராக டி செல் உருவாக்குகிறார்கள். ஆனால் அவர்களிடம் எல்சி13 ரிசப்டர் இல்லை. வேறு ரிசப்டர்களை வைத்துச் சமாளிக்கிறார்கள். எல்சி13 அவர்கள் உடம்பையே தாக்கும் என்பதால் அது களையெடுக்கப்பட்டுவிட்டது. ஒரே ரிசப்டர் ஒரு வீட்டில் காவலாள், இன்னொரு வீட்டில் விலக்கப்பட்டவன். 'அந்நியம்' என்ற முத்திரை பி44இன் மேல் எங்கேயும் குத்தப்பட்டிருக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நிலவன்07:

அடடா! அப்படியானால் ஒருவருக்கு வந்துபோன வைரஸ் காய்ச்சல், பிற்காலத்தில் அவர் வாங்கும் உறுப்பை நிராகரிக்க ஆட்களைத் தயார்செய்து வைத்திருக்கிறது என்று அர்த்தமா?

செல்நேசன்:

சில சமயம், ஆமாம். அதிலும் அவை நினைவு டி செல்கள், முன்பு சந்தித்த எதிரியை நினைவில் வைத்திருப்பவை, அவற்றை எழுப்ப அதிகம் தட்ட வேண்டியதில்லை. உறுப்பு மாற்று ஆய்வின் முன்னோடி மெடவார் காலத்து 'இரண்டாம் முறை' விதி இதோடு தொடர்புடையதுதான். 1943இல் கிப்சனும் மெடவாரும் தீக்காயம் பட்ட ஒருவருக்கு அவர் சகோதரரின் தோலை ஒட்டினார்கள். முதல் தொகுதி ஒட்டு கொஞ்ச நாள் தாங்கியது. இரண்டாவது தொகுதி அதைவிட வேகமாக அழிந்தது. உடம்பு நினைவு வைத்துக்கொண்டு தாக்குகிறது என்பதற்கு அது தொடக்ககாலச் சான்று. எல்சி13 போன்றவற்றின் விசேஷம், முதல் முறை ஒட்டுவதற்கு முன்பே நினைவு இருந்துவிடுகிறது என்பது.

இரவுப்பணி:

நான் சிறுநீரகப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர். இதுவரை பேசியது எல்லாம் நேரடிப் பாதை. வார்டில் எங்களை வருஷக்கணக்கில் அலைக்கழிப்பது மற்றொன்று. அதையும் சேர்க்காமல் இந்த இழை முழுமையாகாது.

கொடையாளர் சிறுநீரகத்தோடு அவருடைய டென்ட்ரைட்டிக் செல்களும் (டி செல்லுக்குப் புரதத்துண்டுகளைக் காட்டும் செல்கள்) பயணிகளாக வந்துவிடுகின்றன. அவை பெறுநரின் நிணநீர் முடிச்சுக்குப் போய்த் தங்கள் எம்எச்சியை நேரே காட்டுகின்றன. இது நேரடிப் பாதை. 1982இல் லெக்லரும் பேட்சலரும் எலியில் ஒரு சாமர்த்தியமான சோதனை செய்தார்கள். சிறுநீரகத்தை முதலில் ஓர் இடைப்பட்ட எலிக்குள் வைத்து, பயணிகள் எல்லாம் இறங்கிப் போகும்வரை விட்டு, பிறகு எடுத்து இன்னொரு எலிக்குப் பொருத்தினார்கள். குறிப்பிட்ட எலி இனச் சேர்க்கையில் அது நிராகரிக்கப்படாமல் தங்கியது. கொடையாளர் இனத்தின் டென்ட்ரைட்டிக் செல்களைக் கொஞ்சம் ஊசியில் ஏற்றினால் நிராகரிப்பு திரும்ப வந்தது.

இந்தப் பயணிகள் நிரந்தரம் இல்லை, கொஞ்ச நாளில் தீர்ந்துவிடுவார்கள். அப்புறம் மறைமுகப் பாதை. கொடையாளர் செல்கள் உதிர்க்கும் எச்எல்ஏ மூலக்கூறும் ஒரு புரதம்தானே? பெறுநரின் சொந்த டென்ட்ரைட்டிக் செல் அதை விழுங்கி, நறுக்கி, தன் சொந்த இரண்டாம் வகை எம்எச்சியில் வைத்துக் காட்டும். இங்கே எல்லாம் பாடப்புத்தக விதிப்படிதான் நடக்கிறது, வைரஸ் துண்டுக்குப் பதில் எச்எல்ஏ துண்டு. எண்ணிக்கையிலும் இந்த டி செல்கள் குறைவு. ஆனால் உறுப்பு உள்ளவரை தீனி தீராது, அதனால் இந்தப் பாதை மூடுவதே இல்லை.

நிலவன்07:

இங்கே ஒரு இடறல். மறைமுகப் பாதையில் விழித்த சிடி4 செல், அதாவது உதவி டி செல், பெறுநரின் எம்எச்சியில் வைத்த துண்டைத்தான் பார்க்கும். ஒட்டிய சிறுநீரகத்தின் செல்களிலோ கொடையாளரின் எம்எச்சிதான் இருக்கிறது. அப்புறம் அது சிறுநீரகத்தை எப்படித் தொடும்?

இரவுப்பணி:

நேராகத் தொடாது. ஆன்டிபாடி உருவாக்கும் வெள்ளணுவான பி செல்லுக்கு உதவும். கொடையாளர் எச்எல்ஏவைப் பிடித்து விழுங்கிய பி செல், அதே துண்டைத் தன் எம்எச்சியில் காட்டிக்கொண்டு நிற்கும். அந்த சிடி4 வந்து அதை முடுக்கிவிட, கொடையாளர் எச்எல்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி உற்பத்தியாகும். ஆன்டிபாடிக்கு எம்எச்சி விதி எதுவும் கிடையாது, இரத்தக்குழாயின் உள்சுவரில் இருக்கும் எச்எல்ஏவை நேரே போய்ப் பிடிக்கும். பல வருஷம் நன்றாக ஓடிய சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழப்பதற்கு இது பெரிய காரணம். பெறுநரின் இரத்தத்தில் இந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று நாங்கள் அவ்வப்போது பார்ப்பது அதனால்தான்.

செல்நேசன்:

மூன்றாவது ஒன்றும் உண்டு. பெறுநரின் டென்ட்ரைட்டிக் செல், கொடையாளர் செல் உமிழும் நுண்குமிழிகளிலிருந்து எம்எச்சியை நறுக்காமல் முழுசாக எடுத்துத் தன் மேல் பொருத்திக்கொள்கிறது. அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நடமாடுவது மாதிரி. 2016இல் வந்த எலி ஆய்வுகளில், நிணநீர் முடிச்சில் உண்மையான கொடையாளர் டென்ட்ரைட்டிக் செல்கள் அரிதாகத்தான் கிடைத்தன. சட்டை மாற்றிய பெறுநர் செல்கள் நிறையக் கிடைத்தன. நேரடிப் பாதை என்று நாம் எண்ணிக்கொண்டிருந்ததில் எவ்வளவு பங்கு உண்மையில் இது என்பது இன்னும் வாதத்துக்குரியது. பயணிகள் இறங்கிப்போன பின்னும் நேரடி வகை டி செல்கள் எப்படித் தூண்டப்படுகின்றன என்ற பழைய புதிருக்கு இது நல்ல விடை.

கயல்:

வணக்கம். நான் படித்தது வணிகவியல், ஆனால் இழையை முழுக்கப் படித்தேன். எனக்கு என் அக்கா சிறுநீரகம் கொடுத்தார். எச்எல்ஏ முழுப் பொருத்தம் என்று சொன்னார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் என் தைமஸுக்கு அக்காவின் எம்எச்சி நன்றாகத் தெரிந்ததுதானே? அப்புறம் ஏன் மாத்திரையை நிறுத்தவே கூடாது என்கிறார்கள்?

இரவுப்பணி:

முதலில் ஒன்று, இங்கே படித்ததை வைத்து மாத்திரையில் கை வைத்துவிடாதீர்கள். எந்த மாற்றமும் உங்கள் மருத்துவக் குழு சொல்லித்தான்.

இப்போது காரணம். எச்எல்ஏ மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. அதனால் அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு என்று மொத்தமாக வருகின்றன. உடன்பிறந்த இருவருக்கு இரண்டு கட்டும் ஒன்றாக அமைய நாலில் ஒரு வாய்ப்பு. உங்களுக்கு அது அமைந்தது. ஆனால் பள்ளம் ஒன்றாக இருந்தாலும் பள்ளத்தில் உட்காரும் பெப்டைடு மற்ற புரதங்களிலிருந்து வருகிறது. அந்தப் புரதங்களின் மரபணு எல்லாக் குரோமோசோமிலும் சிதறிக் கிடக்கிறது, அவை உங்களுக்கும் அக்காவுக்கும் ஆயிரக்கணக்கான இடங்களில் வேறுபடலாம். ஓர் அமினோ அமிலம் வேறாக இருந்தாலும் உங்கள் தைமஸ் பார்த்திராத துண்டு ஆகிவிடும். இவற்றைச் சிறு திசுப்பொருத்த ஆன்டிஜென் என்பார்கள். பெயர்தான் சிறு.

செல்நேசன்:

இதற்குப் பழைய சாட்சி 1955இல் ஐக்வால்டும் சில்ம்சரும் கண்டது. உட்கலப்பால் மரபணு முழுக்க ஒன்றாகிவிட்ட எலி இனத்தில் ஆண் எலியின் தோலைப் பெண்ணுக்கு ஒட்டினால் நிராகரிக்கிறது. பெண்ணின் தோலை ஆண் ஏற்றுக்கொள்கிறது. இருவருக்கும் ஒரே வித்தியாசம் ஒய் குரோமோசோம். அதிலிருந்து வரும் புரதத்துண்டுகள் பெண்ணின் தைமஸுக்குத் தெரியாதவை. மனிதர்களிலும் எலும்பு மஜ்ஜை மாற்றில் பெண் கொடையாளர், ஆண் பெறுநர் என்ற சேர்க்கையில் கொடையாளரின் டி செல்கள் பெறுநரைத் தாக்கும் ஆபத்து கூடுதல்.

மறுபக்கச் சாட்சி, 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த சிறுநீரக மாற்று. ஒரே கருவில் பிறந்த இரட்டையர். முன்கூட்டியே ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்து, அது தங்குகிறது என்று உறுதிசெய்துகொண்டார்கள். எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

கயல்:

புரிந்தது, நன்றி. நான் எடுத்துக்கொள்ளும் டாக்ரோலிமஸ் இதில் எந்த இடத்தில் வேலை செய்கிறது?

இரவுப்பணி:

டி செல் அடையாளம் கண்டுகொள்வதை அது தடுக்காது. ரிசப்டர் ஒட்டும், உள்ளே கால்சியம் ஏறும், கால்சிநியூரின் என்ற நொதி விழிக்க வேண்டும். விழித்தால்தான் டி செல்லைப் பெருகச் செய்யும் ஐஎல்-2வின் மரபணுவை இயக்கும் புரதம் உட்கருவுக்குள் போக முடியும். டாக்ரோலிமஸ் அந்த நொதியை மடக்கிவிடுகிறது. பழைய சைக்ளோஸ்போரினும் அதே இடம்தான். செல் பார்க்கிறது, ஆனால் பெருக முடியவில்லை.

பெலட்டாசெப்ட் வேறு ரகம், 2011இல் அனுமதி பெற்றது. ரிசப்டர் ஒட்டினால் மட்டும் புதிய டி செல் எழாது, அதன் மேலிருக்கும் சிடி28 என்ற இன்னொரு புரதம் வழியாக இரண்டாவது சமிக்ஞையும் வேண்டும். அந்த வழியை அடைக்கும் மருந்து இது. இதில் தொடக்க மாதங்களில் நிராகரிப்பு கொஞ்சம் கூடுதலாக வருகிறது. நினைவு டி செல்களுக்கு இரண்டாவது சமிக்ஞை அவ்வளவாகத் தேவையில்லை என்பது ஒரு விளக்கம். மேலே சொன்ன எல்சி13 வகையறாவை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விதி, எப்ஸ்டீன்-பார் வைரஸ் முன்பு வராதவருக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. அடங்காத வைரஸால் நிணநீர் செல் புற்று வரும் ஆபத்து அவர்களுக்கு அதிகம்.

குறுக்குக்கேள்வி:

சரி, ஒதுக்கி வைத்த என் ஆட்சேபத்துக்கு வருகிறேன். 'அந்நியம் என்று ஒன்று தெரியாது, களையெடுத்ததன் மிச்சம்தான்' என்கிறீர்கள். அப்படியானால் அப்பாவின் எச்எல்ஏவைப் பாதி சுமக்கும் கருவை அம்மாவின் டி செல்கள் ஏன் விட்டுவைக்கின்றன?

செல்நேசன்:

1953இல் மெடவாரே கேட்ட கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், தாயின் இரத்தத்தோடு உரசும் நஞ்சுக்கொடிச் செல்கள் எச்எல்ஏ-ஏ, எச்எல்ஏ-பி, இரண்டாம் வகை எதையும் காட்டுவதில்லை. அதிகம் வேறுபடாத எச்எல்ஏ-ஜியை முன்னால் நிறுத்துகின்றன. இலக்கு பெரும்பாலும் இல்லாத இடத்தில் டி செல் என்ன செய்யும்? இது தனி இழைக்கான விஷயம்.

என் பக்கத்துக்கு வலுவான சாட்சி வேறு. 1945இல் ரே ஓவன், இரட்டைக் கன்றுகளின் இரத்தத்தில் இருவரின் சிவப்பணுவும் கலந்திருப்பதைக் கண்டார். கருவில் இரத்தக்குழாய்கள் இணைந்திருந்ததால் கலந்தவை, பெரியதான பிறகும் ஒன்றையொன்று தாக்கவில்லை. 1953இல் பில்லிங்ஹாம், பிரென்ட், மெடவார் மூவரும் அதையே எலியில் செய்து காட்டினார்கள்: கருவிலிருக்கும் எலிக்கு வேறு இனத்தின் செல்களை ஏற்றினால், வளர்ந்த பின் அந்த இனத்தின் தோலை ஏற்றுக்கொள்கிறது, மூன்றாவது இனத்தின் தோலை மறுக்கிறது. களையெடுக்கும் காலத்தில் கண்ணில் பட்டது எதுவோ அதுதான் 'தன்னுடையது'.

குறுக்குக்கேள்வி:

அப்படியானால் வளர்ந்த மனிதருக்கும் கொடையாளரின் மஜ்ஜையைச் சேர்த்து ஏற்றிவிட்டால் காரியம் முடிந்ததே. 2008இல் பாஸ்டனில் அதைத்தான் செய்தார்கள், எச்எல்ஏ பொருந்தாத 5 பேருக்குச் சிறுநீரகமும் மஜ்ஜையும் சேர்த்து. அதில் 4 பேர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. ஆனால் ஒன்று கவனியுங்கள். கொடையாளரின் மஜ்ஜைச் செல்கள் அவர்கள் உடம்பில் சில வாரங்களுக்கு மேல் தங்கவில்லை. தைமஸுக்குப் பாடம் சொல்ல ஆள் போய்விட்டார், சிறுநீரகம் மட்டும் வருஷக்கணக்கில் நிற்கிறது. உங்கள் களையெடுப்பு விளக்கம் இங்கே எப்படிப் பொருந்தும்?

செல்நேசன்:

முழுக்கப் பொருந்தாது. அங்கே ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டன என்பது பலரின் கருத்து. அவை மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ரகம். ஒட்டிய சிறுநீரகமே தொடர்ந்து ஆன்டிஜெனைக் காட்டி, எதிர்க்கும் செல்களைக் களைத்துப்போகச் செய்வதும் சேர்ந்திருக்கலாம். களையெடுப்பு தொடக்கத்தை விளக்குகிறது, நீடிப்பை விளக்கவில்லை. அதுவரை உங்கள் பக்கம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒழுங்குபடுத்தும் செல்லும் எம்எச்சியையும் பெப்டைடையும் தொட்டுத்தான் விழிக்கிறது.

கயல்:

அந்த மஜ்ஜை முறை எனக்கும் இப்போது செய்ய முடியுமா? அக்காவிடமே வாங்கிக்கொள்ளலாமே?

இரவுப்பணி:

அதற்கு முன்னால் உடம்பைத் தயார்ப்படுத்தக் கடுமையான மருந்தும் சில முறைகளில் கதிர்வீச்சும் கொடுப்பார்கள். தொற்று ஆபத்து உண்டு. கொடையாளர் டி செல்கள் திருப்பித் தாக்கும் ஆபத்தும் உண்டு. இதுவரை பெரும்பாலும் ஆய்வு மையங்களில், சிறுநீரகம் பொருத்தும் சமயத்தை ஒட்டியே செய்கிறார்கள். நன்றாக ஓடும் சிறுநீரகத்தோடு இருப்பவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது ஆன்டிபாடி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதைவிட அது உங்களுக்கு இப்போது முக்கியம்.